கட்டுமரத்தை எங்கே வெட்டுவது? நீண்ட ஆங்கிலச் சொற்களின் இரண்டு பிரிப்புகள்

கட்டுமரம் என்ற சொல்லைப் பொருள் பார்த்துப் பிரித்தால் கட்டு + மரம். யாப்பு தெரிந்தவர் அலகிட்டால் கட் / டும / ரம். நேர், நிரை, நேர், வாய்பாடு கூவிளங்காய். 'டும' என்பதற்கு ஒரு பொருளும் கிடையாது. மரம் நடுவில் பிளந்து கிடக்கிறது. யாப்புக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, ஏனென்றால் அது அளப்பது ஓசையை மட்டும்தான்.

நீண்ட ஆங்கிலச் சொல்லிலும் இதே இரண்டு பிரிப்புகள் உண்டு. வாய்க்காக ஒன்று, பொருளுக்காக ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று நினைப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. ராமநாதபுரம் கடற்கரைக்கு ஆங்கிலம் பெரும்பாலும் நீளச் சொற்களாகத்தான் வந்து சேர்கிறது. படகுக்கு ரெஜிஸ்ட்ரேஷன், மன்னார் வளைகுடாவுக்கு பயோடைவர்சிட்டி, மீன் கம்பெனியில் ரெஃப்ரிஜரேஷன், கீழக்கரையிலிருந்து வளைகுடா நாட்டுக்குப் புறப்படுகிறவருக்கு இமிக்ரேஷன். இவற்றை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிற பிள்ளை ஏழாவது எட்டாவது எழுத்துக்குள் முதல் எழுத்தை மறந்துவிடும். ஆனால் பிரிப்பதற்கான கருவிகள் தமிழ் வகுப்பிலேயே கையில் கொடுக்கப்பட்டவை. அவற்றை ஆங்கிலப் பாடத்துக்கு எடுத்துப் போவதில்லை, அவ்வளவுதான்.

வாய்க்கான பிரிப்பு

ஓர் உயிரொலி, அதன் முன்னும் பின்னும் ஒட்டிய மெய்கள்: இதுதான் சிலபிள். ஒரு சொல்லில் எத்தனை உயிரொலி காதில் விழுகிறதோ அத்தனை சிலபிள். எழுத்தில் எத்தனை உயிர் இருக்கிறது என்பது வேறு கணக்கு.

இதை 'அசை' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். பேச்சுக்குச் சரி, கணக்குக்கு உதவாது. நிரையசைக்குள் இரண்டு உயிர் இருக்கும். 'கடல்' யாப்பில் ஒரே அசை, சிலபிள் கணக்கில் க-டல் என இரண்டு. மண்டபம் இரண்டு அசை (மண்/டபம்), மூன்று சிலபிள் (மண்-ட-பம்). தனுஷ்கோடிக்கு மூன்று அசை, நான்கு சிலபிள். பாம்பனுக்கு மட்டும் இரண்டு கணக்கும் ஒன்றே. அதனால் இங்கே அசையை விட்டுவிட்டு சிலபிள் என்றே வைத்துக்கொள்வோம்.

தமிழ் எழுத்தில் இதை எண்ணுவதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன்: ரெ, ஜி, ரே, ஷ. நான்கு. பயோடைவர்சிட்டி: ப, யோ, டை, வ, சி, டி. ஆறு. ஆங்கில அகராதியும் முறையே நான்கு, ஆறு என்றுதான் காட்டும். தமிழ் உயிர்மெய் எழுத்து தனக்குள் உயிரை வைத்திருப்பதாலும், தனி மெய்க்குப் புள்ளி குத்துவதாலும் கிடைத்த வசதி இது. ஆங்கில எழுத்துக்கு இந்த வசதி கிடையாது.

இந்தக் கணக்கு பிசகும் இடங்களும் உண்டு. எல்லாமே நாம் உச்சரிப்பில் கூடுதலாகச் சேர்க்கும் உயிர்களால் வருபவை. சொல் கடைசியில் வல்லினம் வந்தால் உகரம் சேர்ப்போம்: போட் ஒரு சிலபிள், போட்டு இரண்டு. சொல் தொடக்கத்தில் ஸகர மெய் வந்தால் இகரம் முன்னே வரும்: ஸ்கூல் ஒன்று, இஸ்கூல் இரண்டு. இரண்டு மெய் சேர்ந்து தொடங்கினால் நடுவில் ஓர் உயிரை நுழைப்போம். பாம்பன் பாலத்தைக் குறிக்கிற பிரிட்ஜ் ஆங்கிலத்தில் ஒரே சிலபிள், நம் எழுத்தில் இரண்டு. (மீன் வைக்கிற ஃப்ரிட்ஜையும் பலர் பிரிட்ஜ் என்றே எழுதுவதால், பாலமும் குளிர்பெட்டியும் ஒரே சொல்லாகி நிற்பது தனி வேடிக்கை.) கடைசியாக, கூட்டுயிரைப் பிளந்துவிடுவோம்: ஆயில், டவுன் இரண்டும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சிலபிள்தான். ஆ-யில், ட-வுன் என்று இரண்டாக்குவது நாம்.

ஆகவே தமிழில் எழுதும்போதே இந்த ஒட்டு உயிர்களைக் கழித்துவிட்டால் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாக வரும்.

எழுத்தைப் பார்த்துப் பிரிப்பது

மேலே சொன்னது காதால் கேட்ட சொல்லுக்கு. கேட்டறியாத சொல்லைத் தாளில் பார்த்தால் இரண்டு உயிர்களுக்கு நடுவே எத்தனை மெய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கு ஒன்று: நாப்-கின், ராப்-பிட். ஆனால் எஸ்-எச், சி-எச், டி-எச், பி-எச் போன்ற ஜோடிகள் ஒரே ஒலி. அவற்றை நடுவில் பிரிக்கக் கூடாது. ஒரே மெய் இருந்தால்தான் தகராறு. அது பின்னால் போனால் முன்னுள்ள உயிர் திறந்து நின்று நீளும்: டை-கர், ஓ-பன். முன்னால் ஒட்டினால் உயிர் மூடப்பட்டுக் குறுகும்: லெம்-அன், ரிவ்-அர். முதலில் நீட்டிப் பார்ப்பது, தெரிந்த சொல்லாகக் காதில் விழாவிட்டால் குறுக்கிப் பார்ப்பது. இதற்கு மேல் உறுதியான விதி கிடையாது.

விசைப்படகிலேயே இதற்கு ஒரு நல்ல ஜோடி இருக்கிறது: கேபின், கேபிள். தமிழில் இரண்டுக்கும் 'கே'. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கேபின் என்பது கேப்-இன். பி முன் சிலபிளோடு ஒட்டிக்கொள்வதால் ஏ என்ற எழுத்து கேட் (பூனை) என்பதில் வருவது போலக் குறுகி, வாய் அகன்று ஒலிக்கிறது. கேபிள் வேறு வகை. சொல் முடிவில் மெய்யோடு எல்-இ வந்தால் அந்த மெய்யும் எல்-இயும் சேர்ந்து கடைசி சிலபிள் ஆகும். ஆகவே கே-பிள். முதல் சிலபிள் திறந்து கிடக்கிறது, ஏ தன் பெயரையே ஒலிக்கிறது. இந்த இரண்டு ஒலிகளுக்கும் தமிழில் ஓர் எழுத்துதான் என்பதால் நம் காதும் நாளடைவில் வேறுபாட்டை மறந்துவிடுகிறது.

மெய்யை இரட்டிக்கும் விதிக்கு வருவோம். இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையிலேயே பெரிய அனுகூலம் இருக்கிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நாம் படித்த புணர்ச்சி விதி. கண் + இல் = கண்ணில். கல் + எறி = கல்லெறி. நெடிலுக்குப் பின் இரட்டாது: கால் + இல் = காலில். ஒன்றுக்கு மேற்பட்ட குறில் இருந்தாலும் இரட்டாது: கடல் + இல் = கடலில், கடல்லில் அல்ல.

ஆங்கிலத்தில் நெட் என்பதோடு இங் சேர்த்தால் டி இரட்டித்து நெட்டிங். ஷிப்போடு சேர்த்தால் பி இரட்டித்து ஷிப்பிங். போட்டில் உயிர் நீளம், எழுத்திலும் இரண்டு உயிர். ஆகவே போட்டிங்கில் டி ஒன்றே. இது 'காலில்' வகை. ஓபன் என்பதோடு இங் சேர்த்தால் என் இரட்டாது. இது 'கடலில்' வகை. ஒரே ஒரு வேறுபாடு: ஆங்கிலத்தில் அழுத்தம் கடைசி சிலபிளில் விழுந்தால் பல சிலபிள் சொல்லிலும் இரட்டும். பிகின் என்பதில் அழுத்தம் கின் மேல் விழுவதால் பிகின்னிங்கில் இரண்டு என். இன்னொன்று, சேர்வது மெய்யில் தொடங்கினால் இரட்டிப்பே இல்லை: ஷிப்மென்ட்டுக்கு ஒரு பி போதும். கண்ணில், காலில், கடலில் என்ற மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஸ்பெல்லிங்கில் ஒற்றையா இரட்டையா என்ற கேள்வி பெருமளவு தீரும்.

இ-டி சேர்த்து இறந்தகாலம் ஆக்கும்போது சிலபிள் கூடுமா என்பதும் அடிக்கடி தடுமாறும் இடம். முன்னால் டி (t) ஒலியோ டி (d) ஒலியோ இருந்தால் மட்டும் கூடும். கரைக்கு வந்திறங்கிய மீனைச் சொல்லும் லேண்டட் இரண்டு சிலபிள். பெட்டியில் அடைத்ததைச் சொல்லும் பேக்ட், காயவைத்ததைச் சொல்லும் ட்ரைட் இரண்டும் ஒவ்வொன்றுதான். பேக்-எட் என்று இரண்டாக்கிப் படிப்பது எழுத்தைப் பார்த்து ஏமாறுவது.

எடை விழும் இடம்

தமிழில் எல்லா சிலபிளுக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு முழு எடை கொடுத்து மற்றவற்றைத் தேய்த்துவிடுவார்கள். தேய்ந்த உயிருக்கு மொழியியலில் ஷ்வா என்று பெயர். ஐந்து உயிரெழுத்தில் எதுவும் அந்த ஒலியாகலாம். நமக்கு இது புதிதல்ல: 'நண்டு' என்று சொல்லும்போது கடைசி உகரம் முழு மாத்திரை பெறாமல் அரையாகக் குறைகிறதே, அந்தக் குற்றியலுகரத்தின் தளர்ச்சிதான். அதைச் சொல்லின் நடுவிலும் செய்யப் பழக வேண்டும்.

எடை எங்கே விழும் என்பதைப் பெரும்பாலும் சொல்லின் வால் சொல்லிவிடும். டி-ஐ-ஓ-என் வந்தால் அதற்கு முந்திய சிலபிள்: ரெஜிஸ்ட்'ரே'ஷன். ஐ-டி-ஒய் வந்தால் அதற்கு முந்தியது: பயோடை'வர்'சிட்டி. ஐ-சி வந்தாலும் அப்படியே. இரண்டு இ சேர்ந்து வரும் வாலும், அதோடு ஆர் சேர்ந்த வாலும் எடையைத் தாமே வாங்கிக்கொள்ளும்: மண்டபம் முகாம் என்றதும் நினைவுக்கு வரும் ரெஃப்யூ'ஜீ', எல்லா வீட்டிலும் கனவாக இருக்கும் இஞ்சி'னியர்'. வால் மாறினால் எடையும் இடம் மாறும். 'ஃபோ'ட்டோகிராஃப், ஃப'டாக்'ரஃபி, ஃபோட்டோ'கிராஃப்'பிக். மூன்றிலும் எழுத்து ஒன்றுபோலத்தான் தொடங்குகிறது, உயிர்கள் மட்டும் உப்பித் தேய்கின்றன.

எடை இழந்த சிலபிள் சில சொற்களில் அடியோடு விழுந்தும் போகும். காய்கறிக்கு அகராதி நான்கு சிலபிள் பிரித்துக் காட்டும். வாயில் வருவது வெஜ்-ட-பிள் என்று மூன்று. நாம் வெஜிடேபிள் என்று சொல்வதற்குக் காரணம், எழுத்தின் கடைசியில் டேபிள் தெரிகிறது. தெரிந்த சின்னச் சொல் பெரிய சொல்லுக்குள் தென்பட்டால் அதைப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. இந்த இயல்பு பொருளுக்கான பிரிப்பில் இன்னும் பெரிய வேலை காட்டும்.

பொருளுக்கான பிரிப்பு

பகுபத உறுப்பிலக்கணத்தில் நன்னூல் சொல்லும் உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். 'வந்தனன்' என்பதை வா(வ) + த்(ந்) + த் + அன் + அன் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய யாருக்கும் ஆங்கிலச் சொல் பிரிப்பது கடினமாக இருக்கக் கூடாது.

ரெஃப்ரிஜரேஷனை எடுத்துக்கொள்வோம். ரெ என்பது முன்னொட்டு. ஃப்ரிஜர் என்பது பகுதி. குளிரைக் குறிக்கும் லத்தீன் வேர். ஏட் என்பது வினையாக்கும் விகுதி, அதன் மேல் ஐ-ஓ-என் என்ற பெயராக்கும் விகுதி. சேரும்போது ஏட்டின் கடைசி இ கெடுகிறது. நம் கணக்கில் இது விகாரம். வாய்க்கான பிரிப்பு ரெ-ஃப்ரிஜ்-அர்-ஏ-ஷன். வேர் இரண்டாகப் பிளந்தது. ஏட்டின் டி அடுத்த சிலபிளோடு போய் 'ஷ' ஆனது. கட்/டும/ரம் கதையேதான். இந்தச் சொல்லைச் சுருக்கினால் வரும் ஃப்ரிட்ஜில் மட்டும் எங்கிருந்தோ ஒரு டி (d) முளைக்கிறது. காரணம் சிலபிள் விதிதான். டி இல்லாமல் ஜி-இ மட்டும் எழுதினால் கடைசியில் நிற்கும் ஊமை இ முன்னுள்ள ஐயை நீட்டி, 'ஃப்ரைஜ்' என்று படிக்க வைத்துவிடும். டி நடுவில் நின்று அதைத் தடுக்கிறது. வேரில் டி இல்லாததால் ரெஃப்ரிஜரேட்டரில் அதை எழுதக் கூடாது.

சந்திக்கு இமிக்ரேஷனைவிட நல்ல உதாரணம் இந்தக் கரையில் கிடைக்காது. மைக்ரேட், இடம்பெயர்வது. 'உள்ளே' என்னும் இன் அதன் முன் வந்தால், மகரத்தின் அருகில் நகரம் நிற்க முடியாமல் தானும் மகரமாகிறது. மரம் + கள் மரங்கள் ஆவது எந்த வாய்வசதியால் நடக்கிறதோ அதே வசதி. ஆகவே இமிக்ரேஷனில் இரண்டு எம். எமிக்ரேஷனில் முன்னொட்டு எக்ஸ் தேய்ந்த இ மட்டுமே, 'வெளியே' என்று பொருள். அதனால் ஒரே எம். நாட்டைவிட்டுப் போவது எமிக்ரேஷன், போன நாட்டில் நுழைவது இமிக்ரேஷன். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் விழும் இசிஆர் (எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்) முத்திரை எமிக்ரேஷனைச் சேர்ந்தது. 1983ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டத்தின்படி வந்தது. (ஊர் வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இசிஆர் என்றுதான் பெயர்.) படிவத்தில் எம் ஒன்றா இரண்டா என்று தயங்கினால் காதைக் கேட்டுப் பயனில்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். முன்னொட்டைக் கேட்க வேண்டும்.

சாரியைக்கும் ஆங்கிலத்தில் ஆள் இருக்கிறது. மண்டபத்தில் கடல் ஆராய்ச்சி நடப்பதால் இங்கே அறிமுகமான சொல் ஓஷனாகிராஃபி. ஓஷன் கடல், கிராஃபி எழுதுவது, விவரிப்பது. நடுவில் நிற்கும் ஓ பொருள் ஏதும் இல்லாமல் இரண்டையும் இணைக்கிறது, 'மரத்தை' என்பதில் அத்து நிற்பது போல. ஆனால் இந்தச் சாரியை நம் சாரியை போல அடக்கமாக இருப்பதில்லை: சொல்லின் முழு எடையும் இதன் மேல்தான் விழுகிறது.

ஸ்பெல்லிங் ஏன் ஒலியைக் கேட்பதில்லை என்ற புகாருக்குப் பாதிப் பதில் இந்தப் பிரிப்பில் இருக்கிறது. எலெக்ட்ரிக், எலெக்ட்ரிசிட்டி, எலெக்ட்ரிஷியன் மூன்றிலும் ஒரே சி. அது முறையே க, ஸ, ஷ என்று ஒலிக்கிறது. உறுப்பு ஒன்று என்பதால் எழுத்தை மாற்றவில்லை. சைன் என்பதில் ஒலிக்காத ஜி, சிக்னலில் வாய் திறந்து பேசுகிறது.

தவறாக வெட்டியும் நிலைத்த சொற்கள்

எல்லாச் சொல்லும் ஒழுங்காகப் பிரியும் என்று நம்பிவிடவும் கூடாது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் தீவுகள் 21. தீவைக் குறிக்கும் ஐலண்ட் எழுத்தில் இஸ் + லேண்ட் போலத் தெரியும். அந்த எஸ் அங்கே பிறந்ததே அல்ல. பழைய ஆங்கிலச் சொல்லில் அது இல்லை. லத்தீன் வழியாக வந்த ஐல் என்ற வேறொரு சொல்லோடு உறவு இருப்பதாக நினைத்துப் பிற்காலத்தில் நுழைத்தார்கள். ஒருபோதும் ஒலிக்காத எழுத்து, தவறான பகுபத இலக்கணத்தின் நினைவுச் சின்னம்.

உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் இருப்பதால் ஹெலிகாப்டர் இங்கே அன்றாடக் காட்சி. அதைப் பிரிக்கச் சொன்னால் ஹெலி + காப்டர் என்பார்கள். கிரேக்கத்தில் அது ஹெலிகோ + ப்டர்: சுருள், சிறகு. வாய்க்கான பிரிப்பு ஹெல்-இ-காப்-டர் என்று விழுந்ததால் மக்கள் காதில் 'காப்டர்' தனியாகக் கேட்டது. ஹெலிபேட், காப்டர் என்று இரண்டு துண்டுகளும் தனித்தனியே பிழைத்துக்கொண்டன. தளத்துக்குப் பருந்து என்று பெயர் வைத்திருப்பதால் சிறகாவது வேறு வழியில் மிஞ்சியது.

மீன்பிடி படகுகளில் பொருத்தும் ட்ரான்ஸ்பாண்டரை ட்ரான்ஸ் + பாண்டர் என்று பிரித்து அகராதியில் பாண்டரைத் தேடினால் 'சிந்தித்தல்' என்று வரும். படகு எதையும் சிந்திப்பதில்லை. ட்ரான்ஸ்மிட்டர் (அனுப்புவது), ரெஸ்பாண்டர் (பதில் தருவது) இரண்டையும் ஆளுக்குப் பாதி வெட்டி ஒட்டிய சொல் அது. ஒட்டுச் சொற்களில் முன்னொட்டு, பகுதி என்று தேடுவது வீண்வேலை.

நம் கட்டுமரமும் இதில் மாட்டியது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனது. நான்கு சிலபிள் அப்படியே இருக்க, எடை மட்டும் கடைசியில் விழுந்தது. பொருளும் நகர்ந்து இரட்டை உடல் படகைக் குறித்தது. (இந்தக் கரையில் அதிகம் ஓடுவது வத்தை, வல்லம் என்ற படகுகள்தான் என்பது சொல்லை எடுத்துப் போன ஆங்கிலேயருக்குத் தெரிந்திருந்தால் வேறு சொல் போயிருக்கும்.) பிறகு 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் படகு வந்தபோது, 'கேட்ட' என்பது ஏதோ முன்னொட்டு என்பது போல அதைக் கழற்றிவிட்டு ட்ரை, அதாவது மூன்று, என்பதை மாட்டி ட்ரைமரான் என்றார்கள். வெட்டு தற்செயலாகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது: கட்டு போனது, மரம் நின்றது.

வேலை வரிசை

புதிய நீளச் சொல் வந்தால் பின்பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது, விகுதிகள் எண்ணிக்கையில் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை உரித்த பிறகு முன்னொட்டு. எஞ்சிய பகுதியை மட்டும் சிலபிளாக வெட்ட வேண்டும். முழுச் சொல்லையும் எடுத்த எடுப்பில் சிலபிளாக வெட்டினால் வேர் கண்ணுக்கு அகப்படாது.

ஆள் குடியிருக்காத தீவுகளைச் சொல்லும் அன்இன்ஹாபிட்டட் என்ற சொல்லில் இதைச் செய்து பார்க்கலாம். வாலில் இ-டி. முன்னால் அன், 'இல்லாத'. மீதி இன்ஹாபிட். அதிலும் ஓர் இன் கழன்று வரும். எஞ்சியது ஹாபிட், வாழ்வதைக் குறிக்கும் லத்தீன் வேர். நடுவில் ஒரே மெய். கேபின் போல முன்னால் ஒட்டி ஹாப்-இட். இ-டிக்கு முன் ட ஒலி இருப்பதால் ஒரு சிலபிள் கூடும். மொத்தம் அன்-இன்-ஹாப்-இட்-எட், ஐந்து. எடை ஹாப் மேல். அது கடைசியில் இல்லாததால், தமிழில் 'ட்ட' என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் ஒரே டி, 'கடலில்' வகை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அன் 'இல்லாத' என்றால் இன்னும் அதே பொருள்தானே, இரண்டு இல்லாதது சேர்ந்தால் இருப்பதாகிவிடுமே என்று கேட்கலாம். இன் என்ற உருவத்தில் இரண்டு முன்னொட்டுகள் உண்டு. இன்விசிபிளில் வருவது 'இல்லாத'. இன்ஹாபிட்டில் வருவது 'உள்ளே', ஓரிடத்துக்குள் வாழ்வது. அதனால் ஹாபிட்டபிள், இன்ஹாபிட்டபிள் இரண்டுக்கும் பொருள் ஒன்றே, வாழத் தக்கது. எந்த இன் என்று உருவம் சொல்லாது, வேரின் பொருளோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம் எழுதியிருக்கும் இன்ஃப்ளேமபிள் இந்தக் கண்ணியில் விழுந்த சொல். ஃப்ளேம் தீச்சுடர், இன் இங்கே 'உள்ளே'. தீக்குள் போகக் கூடியது, எளிதில் பற்றிக்கொள்வது. 'தீப்பிடிக்காதது' என்று தவறாகப் படிக்க இடம் கொடுத்ததால், பாதுகாப்புத் துறையினர் 20ஆம் நூற்றாண்டில் இன்னை உதறிவிட்டு ஃப்ளேமபிள் என்று எழுதச் சொல்லத் தொடங்கினார்கள். தீப்பிடிக்காததற்குச் சொல் நான்ஃப்ளேமபிள். நம் ஊர் லாரிகளில் பழைய சொல்லும் புதிய சொல்லும் கலந்தே ஓடுகின்றன. எது எழுதியிருந்தாலும் பீடியை அணைத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.